இடது கை தூக்கியவர்கள்

ஜனவரி 20, திங்கள்

இல்லை, அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

பெயரைச் சொன்னேன். உலகம்மாள். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு உலகம்மாள் இருக்கிறாள். அதனால் அதை ஒரு குற்றமாகச் சொல்ல முடியாது. இதே பள்ளியில் படித்தவள் என்றும் சொன்னேன். மாசிலாமணி சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஸ்கூல் பிள்ளையா! அப்பம் ஒனக்கு ஒண்ணும் சொல்லித் தரவேண்டாம். மழை பெஞ்சா எந்த க்ளாஸ் ஒழுகும்னு எனக்கு முன்னாடி ஒனக்குத் தெரியும்லா?"

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே தனியாகக் கேட்டது.

நான் பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியை. கணக்கு. அவருக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்து திரும்பும்வரை எட்டாம் வகுப்பு பி பிரிவு என்னுடையது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்போல் வகுப்பை ஒப்படைத்தார்.

"தங்கமான பிள்ளைங்கம்மா. கேள்வி கேட்டேன்னு வையி, ஒரு கை கீழ இருக்காது. நீயே பாரு."

பார்த்தேன். மதியம் முதல் பீரியட். பதினேழு பகா எண்ணா என்று கேட்டேன். வகுப்பு முழுக்கக் கை. ஒரு கைகூடக் கீழே இல்லை. பாதி வலது. பாதி இடது.

சாக்பீஸ் உடைந்தது. சாக்பீஸ் அடிக்கடி உடையும். அதில் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மாசிலாமணி சாரின் விதி இதுதான். பதில் தெரிந்தால் வலது கை. தெரியாவிட்டால் இடது கை. எப்படியானாலும் தூக்கியாக வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி வாசலில் நின்று பார்த்தால் கைகளின் காடு. சார் ஒரு வலது கையைக் காட்டுவார். சரியான பதில் வரும். அதிகாரி தலையாட்டுவார். பிறகு டிபன்.

நான் எட்டாம் வகுப்பில் இதே அறையில் இருந்தேன். எனக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, கல் எறிவது, சண்டையில் முடியைப் பிடிப்பது, எல்லாம் இடது. அன்று அதிகாரி வந்திருந்தார். நாற்கரத்தின் கோணங்களைக் கூட்டினால் எவ்வளவு என்று சார் கேட்டார். எனக்குத் தெரியும். கை தானாகப் போயிற்று. தவறான கை.

அதிகாரி என்னைக் காட்டினார். நான் பாதி எழுந்துவிட்டேன். சார் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அந்தப் பிள்ளைய விடுங்க சார். அது கொஞ்சம் மந்தம்."

பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தேன். மீதிப் பாதி இன்னும் எழவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் மந்தம். கடைசி பெஞ்ச். அம்மா என் இடது கையை முதுகுக்குப் பின்னால் தாவணியால் கட்டி வலது கையில் எழுதப் பழக்கினாள். பழகினேன். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தேன். பட்டமளிப்பு மேடையில் எந்தக் கையை நீட்டுவது என்று ஒரு கணம் நின்றேன். அந்த ஒரு கணத்தை யாரும் பார்க்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்ததில் சோறு குழைந்துவிட்டது.

ஜனவரி 22, புதன்

இசக்கியம்மாள். மூன்றாவது பெஞ்ச், ஓரம். நான் கேள்வியை முடிக்கும் முன்பே இடது கையைத் தூக்கிவிடுகிறாள்.

ஜனவரி 24, வெள்ளி

பி.எட். படிக்கும்போது ஒரு பேராசிரியை சொன்னவற்றை எழுதி வைத்திருந்தேன். அப்போது சிரித்தோம். வகுப்பு தொடங்கும்போது வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே விடு. கேள்வி கேட்டபின் வாயை மூடு. மனதுக்குள் மெதுவாக எண்ணு. உன் அவசரம்தான் வகுப்பின் மௌனம். தப்பான பதில் வந்தால் தப்பு என்று சொல்லாதே, அது எப்படி வந்தது என்று கேள். பாடத்தைக் கரும்பலகை பக்கம் நின்று மட்டும் நடத்தாதே. கடைசி பெஞ்சிலிருந்து நடத்திப் பார்.

இந்த வாரம் எல்லாம் செய்துபார்த்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வகுப்பு என்னிடம் இருக்கும்வரை என் வகுப்பு.

வாசலில் நின்றபோது முதல் நாள் பிள்ளைகள் பயந்தார்கள். யாரையோ பிடிக்க நிற்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். மதன் என்று ஒருவன், பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டு, "ப்ரசென்ட் டீச்சர்" என்றான்.

காத்திருப்பதுதான் கஷ்டம். கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கிறேன். மின்விசிறி சத்தம். வெளியே யாரோ பி.இ.டி. மாஸ்டரிடம் அடி வாங்கும் சத்தம். வாய் ஊறுகிறது, பதிலை நானே சொல்லிவிடலாம் என்று. சொல்லவில்லை. நான்காவது நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. தப்பான பதில். "எப்படி வந்தது?" என்று கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதி வழியில் நின்று, "ஐயோ" என்றான். அவனே திருத்திக்கொண்டான்.

ஸ்டாஃப் ரூமில் ஸ்டெல்லா டீச்சர் கேட்டாள். அறிவியல். என் மேசைக்கு எதிர் மேசை. "ஏ உலகு, என்னத்த வாசல்ல நின்னு வரவேற்பு கொடுக்க? சந்தனம், கல்கண்டு வாங்கித் தரட்டா?"

ஜனவரி 27, திங்கள்

ஹெட்மாஸ்டர் சொன்னார்: பிப்ரவரி பதின்மூன்று, ஆய்வு. மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார். எட்டாம் வகுப்பு பி-யில் மாசிலாமணி சார் மாதிரிப் பாடம் எடுப்பார். அதற்குள் கண் சரியாகிவிடும். மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். அதிகாரியின் குறிப்பு நன்றாக இருந்தால் விருதுக்கு அவர் பெயர் போகும்.

"என்ன பாடம் சார்?" என்று கேட்டேன்.

"அவருக்கு வேற என்ன பாடம்? முக்கோணந்தான்."

எனக்குத் தெரியும். கலர் அட்டையில் முக்கோணம். மூன்று மூலையையும் கிழிப்பார். மூன்றையும் ஒட்டி வைப்பார். நேர்கோடு வரும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பிறகு அந்தக் கேள்வி: "மூணு பக்கத்துக்கு நூத்தி எம்பது. நாலு பக்கம் இருந்தா?" முப்பது வருடமாக ஒரே ஆய்வுப் பாடம்.

மாலை முழுக்க ஒரு படம் என் கண்ணில் நின்றது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். வகுப்பு முழுக்கக் கை எழுகிறது. எல்லாம் இடது. அவர் வலது கையைத் தேடுகிறார். ஒன்றுகூட இல்லை.

இதைவிட அழகான படத்தை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

வகுப்பில் சொன்னேன். "இனிமே தெரிஞ்சா இடது கை. தெரியலைன்னா கை தூக்க வேண்டாம். தெரியலைன்னு சொல்லுங்க. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

சலசலப்பு. வலது கைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. இடது கைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாதி தெரிஞ்சா டீச்சர்?" மதன்.

"ரெண்டு கையையும் தூக்கு."

"முக்கா தெரிஞ்சா?"

"காலையும் தூக்கு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு முதல் பெஞ்சில் ஒரு பெண், கண்ணாடி போட்டவள், கேட்டாள்: "சார் வந்த பொறவும் இப்படித்தானா டீச்சர்?"

"ஆமா."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஒரு சொல். சொல்ல ஒரு நொடி ஆகவில்லை.

ஜனவரி 30, வியாழன்

திட்டத்தில் ஒரு ஓட்டை. எல்லாக் கையும் எழ வேண்டுமானால் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் ஒரு கை குறையும். படத்தில் ஓட்டை விழும்.

ஆகவே எல்லோருக்கும் சொல்லித் தருகிறேன். நல்ல எண்ணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். (யார் நினைக்கப் போகிறார்கள்? இதை யார் படிக்கிறார்கள்?)

இருவர் இருவராக உட்காரவைத்தேன். தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவர். முதலில் அவர்களுக்குள் பேச வேண்டும். பிறகுதான் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்லப் பயப்படுகிறவர்கள் "நாங்க என்ன நினைச்சோம்னா" என்று ஆரம்பித்தால் பேசிவிடுகிறார்கள். அந்தச் சின்ன 'நாங்க'.

சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தது.

பிப்ரவரி 1, சனி

இந்தப் பக்கத்தை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து இன்னும் எட்டாம் வகுப்பிலேயே இருக்கிறது. கோணல். பெரிது. கை வலிக்கிறது. துணி துவைத்தேன். குக்கர் ரப்பர் மாற்றினேன். போதும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் இசக்கியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் கை தூக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். இவள் ஒருத்திதான். பள்ளி விட்டதும் நிறுத்தினேன்.

"வீட்டுக்குப் போகணும் டீச்சர். அம்மைக்கு எல வெட்டிக் கொடுக்கணும்."

அம்மா பீடி சுற்றுகிறவள். இவள் தகட்டை வைத்து இலையைக் கத்திரியால் வெட்டிக் கொடுப்பாள்.

"கொஞ்ச நேரந்தான். நாற்கரம்னா என்ன?"

காத்திருந்தேன். தரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். காத்திருந்தேன். நான் சொல்லப் போவதில்லை என்று அவளுக்குப் புரிய நேரமாயிற்று.

"நாலு மூல உள்ளது."

"உங்க வீட்டுல நாலு மூல உள்ளது எது?"

"வெட்டுன எல."

"அதக் குறுக்க வெட்டினா?"

"எதுக்கு டீச்சர் குறுக்க வெட்டணும்? ஏஜென்ட்டு ஏசுவாரு."

"ஏசட்டும். வெட்டினா?"

விரலால் காற்றில் வெட்டினாள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. விரல் நின்றது. முகம் மாறியது. அதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கெட்டுவிடும்.

"ரெண்டு முக்கோணம் வருது டீச்சர். அப்பம் நூத்தி எம்பதும் நூத்தி எம்பதும்." வாய்க்குள் கூட்டினாள். "முந்நூத்தி அறுவது."

"தெரிஞ்சா எந்தக் கை?"

சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. இடது கையைத் தூக்கினாள். நேராக, காதை ஒட்டி. முன்பும் அதே கையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் இது வேறு கை.

கணக்கு முடிந்தது. ஓட்டை அடைபட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

மாசிலாமணி சார் வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம், ஸ்டாஃப் ரூமுக்கு. எனக்குத் தனியாக ஒரு துண்டு எடுத்து வைத்தார்.

"என் பிள்ளைங்களப் பாத்துக்கிட்டதுக்கு. வரும்போதே மதன் பயலக் கேட்டேன், டீச்சர் எப்படில நடத்துதாவன்னு. சூப்பர் சார்ங்கான். எனக்குப் பொறாமையா இருக்கும்மா."

கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "இப்பம் எல்லாம் தெளிவாத் தெரியுது. ஒம் மொகமே இன்னைக்குத்தான் ஒழுங்காத் தெரியுது."

என்னை நேராகப் பார்த்தார். புதுக் கண். நான் அசையாமல் நின்றேன். தெரியட்டும் என்று. இப்போது தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுகூட.

"ரொம்ப மெலிஞ்சிருக்கியேம்மா. நல்லா சாப்பிடு" என்றார்.

மிட்டாயைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்காக இன்னும் கோபம்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஸ்டெல்லா டீச்சருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவளுடைய அறிவியல் பீரியடிலும் எட்டு பி பிள்ளைகள் இடது கை தூக்குகிறார்களாம்.

"என்ன உலகு இது? ஒளியின் வேகம் என்னன்னு கேட்டா மொத்த க்ளாஸும் எடக்கையத் தூக்குது. எனக்கு யாரோ சூனியம் வச்ச மாதிரி இருக்கு."

சொன்னேன். எதற்காக என்பதையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவரு செஞ்சது தப்பு. அது சரி. ஒனக்கு அவருகிட்ட கேக்கணும்னா அவரு மேசைல போயி கேளு. நடுவுல பிள்ளைங்கள ஏன் நிறுத்துத?"

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாருக்கும் பதில் தெரியும்" என்றேன்.

"பதில் தெரியும். சரி." பேனாவை மூடிவிட்டு, "அன்னைக்கு ஒனக்கும் பதில் தெரியும்லா?"

வெண்டைக்காய் கால் கிலோ வாங்கினேன். முற்றல்.

பிப்ரவரி 10, திங்கள்

ஸ்டெல்லா டீச்சருக்கு இது புரியாது. அவள் வலது கைக்காரி.

பிப்ரவரி 12, புதன்

வகுப்பைப் பெருக்கினோம். ஒட்டடை அடித்தோம். சார் தன் கலர் அட்டை முக்கோணங்களைச் சரிபார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"நாளைக்கு எப்படின்னு ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கு சாஆஆர்."

ஒரே குரல். மூன்றாவது பெஞ்ச் ஓரத்திலிருந்து இசக்கியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 13, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதிகாரி ஒரு பெண். நடுத்தர வயது, கைத்தறிச் சேலை, அவசரமில்லாத முகம். ஜன்னல் பக்கம் ஹெட்மாஸ்டருடன் உட்கார்ந்தார். நான் கடைசி பெஞ்சில்.

சார் நன்றாக நடத்தினார். இதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவள். மூலைகளைக் கிழித்தார். ஒட்டினார். நேர்கோடு வந்தது. பிள்ளைகளுக்கு முன்பே தெரியும், ஆனாலும் வாயைப் பிளந்தார்கள், அவர் மேல் அவ்வளவு பிரியம். அதிகாரி புன்னகைத்தார்.

பிறகு சார் கேட்டார். "மூணு பக்கத்துக்கு நூத்தி எம்பது. நாலு பக்கம் இருந்தா?"

கைகள் எழுந்தன. எல்லாம். எல்லாம் இடது. மதன் மட்டும் இரண்டு கையையும் தூக்கினான். பதற்றத்தில் அவனுக்குப் பாதி மறந்துவிட்டது போலிருக்கிறது.

என் படம். நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது.

சார் வலது கையைத் தேடினார். முதல் பெஞ்ச். இரண்டாவது. ஜன்னல் ஓரம். கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பார்த்தார்.

"யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். குரல் தானாக வந்துவிட்டது.

அதிகாரி நிமிர்ந்தார். "எல்லாரும் கை தூக்கியிருக்காங்களே சார்?"

"இல்ல மேடம். அது வந்து. நான் ஆபரேஷன்ல இருந்தேன். இடையில டெம்பரவரி டீச்சர்தான் பாத்தாங்க. அதனால கொஞ்சம்..."

எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"பரவாயில்ல சார். நான் கேக்கறேன்." அதிகாரி வகுப்பைப் பார்த்தார். எல்லாக் கைகளிலும் நேராக, காதை ஒட்டி நின்ற கையைக் காட்டினார். "நீ சொல்லுமா. மூணாவது பெஞ்ச்."

இசக்கியம்மாள் எழுந்தாள்.

சார் அவசரமாகக் குறுக்கே வந்தார். சிரித்துக்கொண்டே. அதே சிரிப்பு.

"அந்தப் பிள்ளைய விடுங்க மேடம். அது கொஞ்சம் மந்தம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கணக்குப் போட்டவள், இந்த ஒரு வாக்கியத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இத்தனைக்கும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

இசக்கியம்மாளின் கை இன்னும் மேலேதான் இருந்தது. மெதுவாக இறங்கியது.

"நீ சொல்லுமா" என்றார் அதிகாரி மறுபடி.

அவளுக்குத் தெரியும். காற்றில் விரலால் வெட்டியவள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

நான் கையைத் தூக்கினேன். எப்போது தூக்கினேன் என்று தெரியாது. இடது கை.

"சொல்லுங்க டீச்சர்."

"மேடம், இந்த க்ளாஸ்ல தெரிஞ்சா வலது கை, தெரியலைன்னா இடது கை. அதிகாரிங்க வந்தா எல்லாக் கையும் மேல இருக்கணும்னு சார் வச்ச ரூலு. நான் இங்க படிச்சப்பவும் இதான். இன்னைக்கு எல்லாருக்கும் தெரியும். யாரை வேணும்னாலும் கேளுங்க."

கேட்டார். கடைசி பெஞ்ச் சொன்னது. ஜன்னல் ஓரம் சொன்னது. ஏன் முந்நூற்று அறுபது என்று ஒருவன் கரும்பலகைக்கே போய்ப் படம் போட்டான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"தெரியும்னா ஏன் எல்லாரும் இடது கை?" என்றார் அதிகாரி.

வகுப்பு சாரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

மதன் எழுந்தான். "வலக்கை வலிச்சுது மேடம். நேத்து ஒட்டட அடிச்சோம்லா."

அதிகாரி சிரிக்கவில்லை. குறிப்பேட்டை மூடினார். சாரின் முகத்தில் நிறமே இல்லை. ஜெயித்துவிட்டேன்.

அவ்வளவு நேரமும் இசக்கியம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

இசக்கியம்மாள் வரவில்லை.

விருதுக்குப் பெயர் போகாதாம். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "தைரியமான பொண்ணும்மா நீ" என்றார். பாராட்டா, எச்சரிக்கையா, தெரியவில்லை.

மதியம் சார் என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நான் ஒனக்கு என்னம்மா செஞ்சேன்?"

சொன்னேன். இத்தனை வருடமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அந்த ஆய்வு, அந்தக் கேள்வி, அந்த வாக்கியம், கடைசி பெஞ்ச். என் இடது கை கட்டப்பட்டது. அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். நிஜமாகவே யோசித்தார்.

"எந்த வருசம்?"

சொன்னேன்.

"அன்னைக்கு வந்த அதிகாரி செங்கோட்டக்காரரு. உளுந்த வட வாங்கி வச்சோம். ஆறிப்போச்சுன்னு சொன்னாரு." நிறுத்தினார். "அது ஞாபகம் இருக்கு. நீ..." கையை விரித்தார். "எத்தன பிள்ளைங்க வந்து போயிருக்குங்கம்மா. நான் ஒண்ணும் மனசுல வச்சுச் சொல்லிருக்க மாட்டேன்."

அதுதான். மனதில் வைத்துச் சொல்லவில்லை. வடை மனதில் நின்றது, நான் நிற்கவில்லை. நான் இத்தனை வருடமாகச் சண்டை போட்ட ஆள் அந்த இடத்தில் இருந்ததே இல்லை.

போகும்போது திரும்பினார். "அந்த மூணாவது பெஞ்சுப் பிள்ள. அதுக்கு நெசமாவே தெரியுமா?"

"தெரியும்."

"ஓ" என்றார். "அதையும் நான்..." முடிக்கவில்லை. போய்விட்டார்.

ஸ்டெல்லா டீச்சர் எதிர் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அதுவும் ஒரு தண்டனைதான்.

பிப்ரவரி 15, சனி

ஜெயித்துவிட்டேன். எழுதிப் பார்க்கிறேன். ஜெயித்துவிட்டேன். வலது கையிலும் எழுதிப் பார்த்தேன், இடது கையிலும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவளுடைய தெருவரை போனேன். பீடி இலை வாசம். வாசலில் அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இசக்கியம்மாள், கத்திரி. என்னைப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவில்லை. கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். சோப்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

வந்தாள். வாசலில் நின்று பெயரைச் சொன்னேன். "வணக்கம் டீச்சர்" என்று தரைக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சார் ஓய்வு பெறும்வரை எட்டாம் வகுப்பு பி-யை என்னையே நடத்தச் சொல்லிவிட்டார் ஹெட்மாஸ்டர். சார் மறுக்கவில்லையாம்.

போன வாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டேன். கைகள் எழுந்தன. இடது, இடது, இடது. மூன்றாவது பெஞ்ச் ஓரத்தில் இரண்டு கையும் பாவாடை மடிப்புக்குள் இருந்தன. பக்கத்தில் போனேன். குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு ஏன் தூக்கல?"

நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அழுகை இல்லை. வேலை என்னவென்று தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல்:

"எந்தக் கைன்னு சொல்லுங்க டீச்சர். தூக்குதேன்."

சார் ஒரு கையைச் சொன்னார். நான் ஒரு கையைச் சொன்னேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவரை நான் மன்னிக்கவில்லை. அது அவருக்கும் எனக்கும்.

வகுப்பைக் கையை இறக்கச் சொன்னேன். இனிமேல் யாரும் கை தூக்க வேண்டாம் என்றேன். இடது கை விஷயம் சாருக்குத் தெரியாது, தெரியும் என்று நான் சொன்னது பொய் என்றேன். மதன், "எங்களுக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்றான். பிறகு இசக்கியம்மாளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, அந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நாற்கரத்தின் நான்கு கோணங்களையும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டேன். காத்திருந்தேன்.